ஐந்து லிட்டர் மண்ணெண்ணெய்

பாலுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. பக்கத்தில் என்ன வாடை அடித்தாலும் இழுத்து வைத்துக்கொள்ளும். வெங்காயம் நறுக்கிய கையோடு கேன் மூடியைத் தொட்டால் போதும், மொத்தக் கேனும் வெங்காயம் நாறும். பால் கொள்முதல் நிலையத்தில் எனக்கு இருபது வருட வேலை. யார் கேன் கொண்டுவந்தாலும் மூடியைத் திறந்து முதலில் மூக்கை வைப்பேன். அப்புறம்தான் அளப்பது, சீசாவில் எடுத்துக் கொழுப்புப் பார்ப்பது எல்லாம். இப்படி மூக்கால் பிழைக்கிறவளுக்கு வந்து வாய்த்த கணவர் பதினோரு வருடமாக மண்ணெண்ணெய் நாறுகிறார். இதை யாரிடம் போய்ச் சொல்லி அழுவது என்று எனக்குத் தெரியவில்லை.

அவர் வனத்துறையில் காவலர். காவலர் என்றதும் புலிக்குப் பின்னால் ஓடுகிறவர், மரம் கடத்துகிறவனோடு கட்டிப் புரள்கிறவர் என்று யாரும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். அவருக்குக் கொடுத்திருந்த வேலை பன்றியைப் புதைப்பது. காட்டுப்பன்றி வந்து பயிரை அழித்தால் மனுக் கொடுக்கலாம். அனுமதி வந்தால் துப்பாக்கி உரிமம் உள்ள ஒருவரைக் கூப்பிட்டுச் சுடலாம். சுட்ட பிறகு அதில் ஒரு துண்டுக் கறியைக்கூட யாரும் தொடக் கூடாது. தொட்டால் தோட்டத்துக்காரருக்கு ஜெயில். ஆறடிக் குழி வெட்டி, பன்றியை உள்ளே தள்ளி, தலை முதல் வால் வரை ஐந்து லிட்டர் மண்ணெண்ணெய் ஊற்றி மூடிவிட வேண்டும். ஆட்கள் போன பிறகு யாராவது தோண்டி எடுத்துச் சமைத்துவிடக் கூடாதே, அதற்குத்தான் மண்ணெண்ணெய். சட்டம் எழுதியவருக்கு எங்கள் ஊர்க்காரர்களை நன்றாகத் தெரிந்திருக்கிறது.

வேறு வட்டாரத்துக் காவலர்கள் இரண்டரை அடி தோண்டச் சொல்லி, கால் கேன் ஊற்றி, மீதியை வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். என் வீட்டுக்காரர் அப்படியா. கையில் ஆறடிக்குக் கோடு போட்ட கம்பு ஒன்று வைத்திருப்பார். குழிக்குள் இறக்கிப் பார்ப்பார். நான்கு விரல் குறைந்தால் மண்வெட்டிக்காரர் மறுபடி இறங்க வேண்டும். டேப்பை எடுத்து மூக்கிலிருந்து வால் வரை நீளம், நடு வயிற்றில் சுற்றளவு, முன்னங்கால் உயரம் எல்லாம் அளப்பார். பிறகு பன்றியின் வாயைப் பிளந்து பல்லைப் பார்த்து வயது எழுதுவார். நான்கு பிரதி அறிக்கை, மூன்று சாட்சிக் கையெழுத்து. அதெல்லாம் முடிந்த பிறகுதான் கேனைத் திறப்பார், கடைசிச் சொட்டு விழும்வரை கவிழ்த்துப் பிடிப்பார். ஊரில் மனிதர் செத்தால்கூட இவ்வளவு மெனக்கெடுகிறவர் கிடையாது.

ஊர்க்காரர்கள் வயிறெரிந்ததில் தப்பில்லை. மூன்று மாதம் பாடுபட்ட மக்காச்சோளத்தை ஒரே தடவை வந்து உழுதுவிட்டுப் போகிற மிருகம். கடைசியில் ஒன்று விழுந்தால், அதையும் மண்ணுக்குள் போட்டு நாறடிக்க ஓர் அரசாங்க ஆள். அவரிடம் நேராகச் சொல்ல யாருக்கும் தைரியம் வராது. காலையில் பால் ஊற்ற வரும்போது என்னிடம்தான் கொட்டுவார்கள்.

"என் சோளத்தைத் தின்னு வளர்ந்த கறி. என் வயித்துக்குப் போனா யாருக்கு என்ன நஷ்டம்னு உன் வீட்டுக்காரர்கிட்ட கேளும்மா."

"மண்ணெண்ணெய் சாருக்கு வெளக்கு கொளுத்த ஏதாச்சும் மிச்சம் வருதா, இல்ல எல்லாத்தையும் பன்னிக்கே குடுத்துடுறாரா?"

மண்ணெண்ணெய் சார். அதுதான் அவருக்கு ஊர் வைத்த பெயர். அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் ஊரில் பாதிப் பேர் அப்படி ஒருவர் இல்லை என்று சொல்லிவிடுவார்கள். என்னை மண்ணெண்ணெய் சம்சாரம் என்கிறார்கள். எனக்குக் கேட்காது என்று நினைத்துச் சொல்கிறார்கள், நான் கேட்காத மாதிரி பால் அளக்கிறேன்.

இதில் பெரிய கூத்து என்னவென்றால், ஊரிலேயே கறி என்றால் உயிரை விடுகிறவர் இவர்தான். கறிக்கடைப் பக்கம் போனால் எந்தத் துண்டு எலும்போடு இருக்கிறது, எது கொழுப்போடு இருக்கிறது என்று கடைக்காரருக்கே பாடம் எடுப்பார். அப்படிப்பட்ட வாய்க்கு இந்த வேலையில் ஒரு தண்டனை வந்து சேர்ந்தது. கையில் ஏறிய வாடை போகவில்லை. எலுமிச்சம்பழம் தேய்த்தார். சாம்பல் தேய்த்தார். காபித்தூள், பற்பசை, புளி, எதையும் விடவில்லை. சோற்றைப் பிசைந்து வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோவார், மூக்குக்கு நேராக வந்ததும் கை நின்றுவிடும். மறுபடி தட்டிலேயே போடுவார். பாதியில் எழுந்துவிடுவார். பெல்ட்டில் புதிதாக இரண்டு ஓட்டை போட்டாயிற்று. "நான் சமைச்சது பிடிக்கலன்னா நேரா சொல்லுங்க" என்று எத்தனையோ தடவை சண்டை போட்டிருக்கிறேன். "உன் சமையல்ல ஒண்ணும் இல்ல. என் கையிலதான்" என்பார். அந்தப் பதிலைக் கேட்டால் எனக்கு இன்னும் எரிச்சலாக வரும்.

அவருக்கு உலகத்தில் இரத்த சொந்தம் என்று இருப்பது ஒரே ஓர் அக்கா. என் நாத்தனார். இவரைவிட எட்டு வயது பெரியவர். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் வீடு, வீட்டை ஒட்டி மக்காச்சோளக் காடு. கல்யாணமான புதிதில் வாரத்துக்கு மூன்று நாள் இவர் அங்கேதான் சாப்பிடுவார், அதற்காக நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அலைந்தது உண்டு. ஆறு வருடத்துக்கு முன்னால் அக்காவின் காட்டில் குண்டடி பட்டு ஒரு பன்றி விழுந்தது. அந்த வருடம் முழு விளைச்சலும் போயிருந்தது. வீட்டில் சொந்தக்காரர்கள் வந்திருந்தார்கள். அக்கா எல்லார் முன்னாலும் தம்பியிடம் கேட்டார்.

"முழுசா கேக்கல. ஒரே ஒரு தொடை. நீ அந்தப் பக்கம் திரும்பிக்கோ, அது போதும்."

இவர் திரும்பவில்லை. ஐந்து லிட்டரும் ஊற்றினார். அக்கா புடவைத் தலைப்பை உதறிக்கொண்டு, "இனிமே என் வீட்டுல உனக்குத் தட்டு கெடையாது" என்றார். அவ்வளவுதான். அன்றிலிருந்து அக்காவுக்கும் தம்பிக்கும் பேச்சுவார்த்தை இல்லை. எதிரெதிரே வந்தால் இவர் சைக்கிளை விட்டு இறங்கி நிற்பார், அக்கா வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு போவார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து இவர் பாதித் தட்டுகூடச் சாப்பிட மாட்டார்.

பால் கொண்டுவருவது அக்காவின் கணவர். எனக்கு அண்ணன் முறை. ஒரு நாளைக்கு நான்கு வார்த்தை பேசினாலே அதிகம் என்று இருக்கிற மனிதர். பேசாத ஆளைப் பார்த்தால் எனக்கு வாய் நிற்காது. அளக்கிற நேரத்தில் வீட்டுப் புராணம் முழுவதும் அவரிடம் ஒப்பிப்பேன். கை வாடை, பாதிச் சாப்பாடு, பெல்ட் ஓட்டை ஒன்றையும் விட்டதில்லை. "ம்" என்பார், காலிக் கேனை எடுத்துக்கொண்டு போய்விடுவார். சுவரிடம் பேசுவதும் அவரிடம் பேசுவதும் ஒன்று என்றுதான் நினைத்திருந்தேன்.

இப்படி இருக்கும்போது, சட்டத்தை மாற்றலாமா என்று கருத்துக் கேட்க அரசாங்கத்திலிருந்து ஒரு குழு வந்தது. பயிரை அழிக்கிற பன்றியைச் சுட்ட பிறகு அதன் இறைச்சியைச் சாப்பிட அனுமதிக்கலாமா கூடாதா என்பது கேள்வி. சமுதாயக் கூடத்தில் கூட்டம். ஊரே திரண்டு போயிருந்தது. எழுந்தவர் எல்லாரும் சாப்பிடலாம் என்றார்கள். பள்ளிக்கூட வாத்தியார் மட்டும், இன்றைக்குப் பன்றி என்றால் நாளைக்கு மான் கேட்பீர்கள், அப்புறம் காட்டில் என்ன மிஞ்சும் என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தார். களத்தில் வேலை பார்க்கிறவர் என்ன சொல்கிறார் என்று குழுத் தலைவர் இவரைப் பார்த்துக் கேட்டார். அக்கா பெண்கள் வரிசையில் மூன்றாவதாக உட்கார்ந்திருந்தார். நான் மனதுக்குள், ஒரே ஒரு வார்த்தை, ஆமாம் என்று சொல்லிவிட்டு உட்காருங்கள் என்று வேண்டிக்கொண்டிருந்தேன்.

இவர் எழுந்து பையிலிருந்து நாலு பக்கத் தாளை எடுத்தார்.

"சாப்பிடலாம்னுதான் நானும் நினைக்கிறேன் சார். நல்ல கறிய மண்ணுல போடுறது பாவம். ஆனா ஒண்ணு. சாப்பிடலாம்னு சொல்லிட்டா பயிரே இல்லாத காட்டுலயும் பன்னி மேஞ்சதா மனு வரும். அதுக்கு வழி பண்ணிட்டு மாத்துங்க. என்ன வழின்னு நாலு பக்கம் எழுதியிருக்கேன்."

முதல் வாக்கியம் யார் காதிலும் ஏறவில்லை. "ஆனா ஒண்ணு" என்பது மட்டும் ஏறியது. கூட்டம் முழுவதும் முணுமுணுத்தது. அக்கா எழுந்து வெளியே போய்விட்டார். குழுத் தலைவர் நாலு பக்கத்தையும் வாங்கி மடித்து, மத்தியானம் கோழிக்கறி சாப்பிட்ட தட்டுக்கு அடியில் வைத்துவிட்டுப் போய்விட்டார். கூடத்தைப் பெருக்கிய அம்மா மறுநாள் அதை என்னிடம் கொண்டுவந்து கொடுத்தார். இவரிடம் காட்டவா, அடுப்பில் போடவா என்று தெரியாமல் அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்தேன்.

ஏழெட்டு மாதம் கழித்து ஒரு வியாழக்கிழமை தொலைக்காட்சியில் அறிவிப்பு வந்தது. சட்டத் திருத்தம் நிறைவேறிவிட்டது. இனிமேல் அனுமதியோடு சுட்ட காட்டுப்பன்றியின் இறைச்சியை உண்ணலாம். தெருவில் சத்தம் கேட்டது. நான் இவரைப் பார்த்தேன். இவர் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் போய் நின்று, கீழே ஓடுகிற எழுத்தை மூன்று தடவை படித்தார்.

"தேதி போடல" என்றார்.

திங்கட்கிழமை காலை பால் நிலையத்தில் வரிசை நின்றுகொண்டிருந்தது. தலை நிமிர்ந்தால் எதிரே அக்கா, கையில் கேன். ஆறு வருடத்தில் அவர் அந்த வாசலுக்கு வந்ததே இல்லை. எனக்குச் சீசா கையிலிருந்து நழுவப் பார்த்தது.

"வாங்க அண்ணி" என்றேன்.

"காட்டுல பன்னி விழுந்திருக்கு. உன் வீட்டுக்காரன வரச் சொல்லு. சட்டம்தான் மாறிடுச்சே. தட்டு எடுத்து வச்சிருக்கேன்னு சொல்லு."

அவ்வளவுதான் சொன்னார். பாலை ஊற்றிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தார். அன்றைக்கு நான் யாருக்கு எவ்வளவு எழுதினேன் என்று எனக்கே தெரியாது. வரிசை முடிந்ததும் நிலையத்தைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு ஓடினேன். செய்தியைச் சொன்னதும் இவர் முகத்தில் ஒரு மாற்றம் வந்தது. சீருடையைக்கூடத் துவைத்ததாகப் பார்த்து எடுத்துப் போட்டார். போகும்போது பழக்கப்படி டேப், கம்பு, பிரதிகள், அப்புறம் கேன்.

"அதை எதுக்குத் தூக்குறீங்க?" என்றேன்.

"ஆர்டர் இன்னும் கைக்கு வரல" என்றார்.

நான் அங்கேயே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டிருக்க வேண்டும். கூடவே போனேன், என் புத்தி.

அக்காவின் காட்டு ஓரத்தில் பன்றி கிடந்தது. மேகமூட்டமான நாள், நல்ல வேளையாக வெயில் இல்லை. கறிக்கடைக்காரர் கத்தியைத் தீட்டி வைத்திருந்தார். சமையலுக்கு வெங்காயம் உரித்து ஒரு கூடை இருந்தது. வீட்டு வாசலில் பெஞ்சின் மேல் ஒரு தட்டும் அதற்குள் ஒரு ஸ்பூனும் இருந்தன. பரிமாறுகிற ஸ்பூன் போல என்று நினைத்துக்கொண்டேன். ஒன்பது மணிக்கு இவர் அளக்க ஆரம்பித்தார். வாயைப் பிளந்து பல்லைப் பார்த்தார். "ஒன்றரை வயசு" என்று சத்தமாகச் சொல்லி எழுதினார். சுற்றி நின்ற அத்தனை பேரும் எச்சில் விழுங்கினார்கள். எழுதி முடித்துவிட்டு அலுவலகத்துக்குப் போன் போட்டார்.

"ஆர்டர் வந்துடுச்சாம்மா?"

"இல்ல சார். வந்தா சொல்றேன்" என்றார் டைப்பிஸ்ட் அம்மா.

"ரேஞ்சர் ஐயா?"

"மீட்டிங்ல இருக்கார் சார்."

பார்வையிட்ட நேரத்திலிருந்து நான்கு மணி நேரத்துக்குள் புதைத்துவிட வேண்டும் என்பது பழைய விதி. அதாவது ஒரு மணிக்குள். இவர் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்தார், பக்கத்தில் கேன். எதிரே வரப்பில் அக்கா உட்கார்ந்தார். நடுவில் பன்றி. பத்து மணிக்கு ஒரு போன். பதினொன்றுக்கு ஒரு போன். கறிக்கடைக்காரருக்குப் பொறுமை போய்விட்டது.

"வயித்தைக் கீறி குடலையாவது எடுத்துடலாமே சார். கறி தாங்காது."

"கீறினா அது கறி. கீறாத வரைக்கும் சடலம். இரு."

"நெழலுக்காவது இழுக்கலாமா?"

இவர் யோசித்துவிட்டு, "அதுக்குத் தடை இல்ல" என்றார். எல்லாருமாகச் சேர்ந்து மரத்தடிக்கு இழுத்தார்கள். ஈரச் சாக்கு போட்டு மூடினார்கள். இவரும் ஒரு கை பிடித்தார். பன்னிரண்டுக்கு நான்காவது போன். ரேஞ்சர் சாப்பிடப் போயிருந்தார்.

நான் இவரை ஓரமாகக் கூப்பிட்டேன்.

"என்னங்க, டிவியில சொன்னத நானும் கேட்டேன், நீங்களும் கேட்டீங்க. நாடே கேட்டுச்சு."

"டிவி எனக்கு மேலதிகாரி இல்ல."

"ஆறு வருஷம் கழிச்சு உங்க அக்கா தட்டு எடுத்து வச்சிருக்காங்க. இன்னிக்கும் ஊத்தினா ஜென்மத்துக்கும் கெடையாது. புரியுதா?"

"புரியுது. இந்தக் கறிய எடுத்து, ஆர்டர்ல வேற மாதிரி இருந்துச்சுன்னா ஜெயிலுக்குப் போறது நான் இல்ல. காட்டுக்காரர், அக்கா வீட்டு மாமா. ஏழு வருஷம். அன்னிக்கும் அதான், இன்னிக்கும் அதான்."

ஆறு வருடம் ஒரே வீட்டில் இருந்துகொண்டு, இதை இன்றைக்குத்தான் சொல்கிறார்.

"இதை உங்க அக்காகிட்ட போய்ச் சொல்லுங்களேன்."

"சொன்னா பயமுறுத்துறேன்னு நினைப்பா. விடு."

ஒரு மணி ஆக ஐந்து நிமிடம் இருக்கும்போது ஐந்தாவது போன். வரவில்லை. இவர் எழுந்தார். கம்பைக் குழிக்குள் விட்டுப் பார்த்தார், ஆறடி சரியாக இருந்தது. அக்கா அப்போதுதான் வாயைத் திறந்தார்.

"டேய். இன்னிக்கு சாயங்காலம் வந்துடும்டா அந்தக் காகிதம்."

"வந்தா நாளைக்கு விழுற பன்னிக்குச் செல்லும்க்கா. இதுக்குச் செல்லாது."

ஊற்றினார். கடைசிச் சொட்டு வரை. அக்கா மெதுவாக எழுந்து வீட்டு வாசலுக்குப் போனார். பெஞ்சிலிருந்த தட்டை எடுத்துக் கவிழ்த்து வைத்தார். ஸ்பூன் மண்ணில் விழுந்தது. கூடை வெங்காயத்தையும் மாட்டுக் கொட்டிலுக்குப் பக்கத்தில் கொட்டிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மறுநாள் பதினோரு மணிக்கு ஆர்டர் வந்தது. இரண்டு பக்கம். கடைசி வரி என்ன தெரியுமா? "இவ்வாணை சென்ற வியாழக்கிழமை முதல் நடைமுறைக்கு வந்ததாகக் கருதப்படும்." அதாவது திங்கட்கிழமை அந்தப் பன்றி விழுந்தபோதே அது கறிதான். கீறாவிட்டாலும் கறிதான். இவர் அந்த வரியை என்னிடம் காட்டினார். நான் படித்தேன். காகிதத்தை மடித்து அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன். பேச ஆரம்பித்தால் நான் அரசாங்கத்தைத் திட்டுவேனா இவரைத் திட்டுவேனா என்று எனக்கே நிச்சயமில்லை.

அது போதாதென்று வெள்ளிக்கிழமை ஒரு மெமோ வந்தது. ஆணை நடைமுறையில் இருந்த நாளில், உண்ணத்தகுந்த இறைச்சியை மண்ணெண்ணெய் ஊற்றி அழித்தது ஏன், மூன்று நாளுக்குள் விளக்கம் தரவும். கையெழுத்து ரேஞ்சர். அன்றைக்கு மீட்டிங்கில் இருந்த அதே ரேஞ்சர். கொல்லையில் இன்னொரு கேன் மண்ணெண்ணெய் இருந்தது. அதை அந்தக் காகிதத்தின் மேல் ஊற்றிக் கொளுத்தலாம் என்று நான் சொன்னேன், விளையாட்டுக்குச் சொல்லவில்லை. இவரோ மேசையில் உட்கார்ந்து, ஐந்து போன்களையும் நேரத்தோடு வரிசையாக எழுதி, பழைய விதியின் நகலை இணைத்து, "தங்கள் உண்மையுள்ள" என்று முடித்துக் கையெழுத்துப் போட்டார். இந்த மனிதரைக் கட்டிக்கொண்டு நான் எந்தச் சுவரில் போய் முட்டிக்கொள்வது.

முட்டிக்கொள்ளச் சுவர் கிடைத்தது. சனிக்கிழமை காலை அண்ணன் பால் கொண்டுவந்தார். அளந்துகொண்டே எல்லாவற்றையும் கொட்டினேன். வியாழக்கிழமைத் தேதி, மெமோ, ஐந்து போன். கடைசியாக ஜெயில் விஷயம்.

"உங்களுக்காகத்தான் ஊத்தியிருக்கார் அண்ணே. ரெண்டு தடவையும். உங்க ஏழு வருஷத்துக்காக. வாயில கொழுக்கட்டையா இருக்கு, சொல்லித் தொலைச்சா என்ன."

அண்ணன் "ம்" என்றார். காலிக் கேனை எடுத்தார். வாசல் வரை போனவர் திரும்பி வந்து, "ஏழா?" என்று கேட்டார். "ஏழு" என்றேன். போய்விட்டார்.

புதிய சட்டத்தில் இவருக்கு வேலை குறைந்துவிடும் என்று நினைத்தேன். கூடியது. மண்ணெண்ணெய்க்குப் பதிலாக ஊதா மை முத்திரை. எடை போட வேண்டும், தோலில் முத்திரை குத்த வேண்டும், நான்கு பிரதி ஆறு பிரதி ஆயிற்று. அவர் கூட்டத்தில் சொன்னபடியே மனுக்கள் குவிந்தன. அறுவடை முடிந்த காட்டில் பன்றி மேய்ந்ததாக ஒருவர். மாடித் தோட்டத்துத் தக்காளியைக் காட்டுப்பன்றி ஏறி வந்து தின்றுவிட்டதாக ஒருவர். இவர் அந்த மாடிப்படியையும் டேப் வைத்து அளந்து, பன்றி ஏற வாய்ப்பில்லை என்று ஆறு பிரதி எழுதினார். அப்போதுதான், குழுத் தலைவர் தட்டுக்கு அடியில் விட்டுப்போன நாலு பக்கத்தை அரிசிப் பானையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். தட்டின் வட்டம் எண்ணெயோடு பதிந்திருந்தது. வாங்கிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் எழுதியிருக்கேன்" என்றார்.

ஊர்க்காரர்கள் இப்போது அவரைக் கண்டால் சிரிக்கிறார்கள். கறி கொண்டுவந்து நீட்டுகிறார்கள். "வேலை செய்ற எடத்துல வாங்க மாட்டேன்" என்று இவர் திருப்பிக் கொடுத்துவிடுவார். வீட்டில் பழையபடி பாதித் தட்டு. மண்ணெண்ணெய் தொட்டு இரண்டு மாதம் ஆகியும் கையை முகர்ந்து பார்க்கிற பழக்கம் போகவில்லை. அவர் கையில் வாடை இருக்கிறதா இல்லையா என்று என்னைக் கேட்டால் இருக்கிறது என்றுதான் சொல்வேன். தோலுக்குள் போன வாடை.

அப்புறம் அக்காவின் காட்டில் இன்னொன்று விழுந்தது. இவர் போனார். அளந்தார், எடை போட்டார், முத்திரை குத்தினார். அக்கா ஆறு பிரதியிலும் கையெழுத்துப் போட்டார், தம்பி முகத்தைப் பார்க்காமல். இவர் வீட்டுக்கு வந்து, "கெழட்டுப் பன்னி" என்று மட்டும் சொன்னார். மறுநாள் காலை பால் கேனோடு வந்தது அக்கா.

"மத்தியானம் ரெண்டு பேரும் வந்துடுங்க" என்றார். நான் எதுவும் கேட்பதற்குள், "கொழுப்பை ஒழுங்கா போட்டு எழுது, நேத்து கொறைச்சுப் போட்டுட்ட" என்றார்.

போனோம். வாசலில் இவர் கால் கழுவினார், கை கழுவினார், மறுபடி கை கழுவினார். அண்ணன் வந்து செம்பைக் கையிலிருந்து பிடுங்கி வைத்துவிட்டு உள்ளே கூட்டிப்போனார். நான்கு தட்டுகள் இருந்தன. மூன்றில் ஒன்றும் இல்லை. இவர் தட்டில் மட்டும் அந்த ஸ்பூன், கழுவித் துடைத்து.

இவர் அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறந்ததிலிருந்து ஸ்பூனில் சாப்பிடாத மனிதர்.

"எதுக்குக்கா இது?"

அக்கா சோறு போட்டுக்கொண்டே சொன்னார்.

"கையில வாடை அடிக்குது, வாய்க்குக் கிட்ட போக மாட்டேங்குதுன்னு உன் சம்சாரம் பால் ஊத்துற எடத்துல சொல்லுவாளாமே. உங்க மாமா ஒண்ணு விடாம வந்து சொல்லுவாரு. வாங்கி மூணு வருஷமாச்சு. சாப்பிடு."

நான் அண்ணனைப் பார்த்தேன். சுவர் என்று நினைத்திருந்த மனிதர் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அக்கா கறியை அள்ளிப் போட்டார். இவர் ஸ்பூனைக் கரண்டி பிடிப்பது போலப் பிடித்து, சிந்தி, வழித்து, ஒரு வழியாக வாய்க்குள் கொண்டுபோனார். நின்றுவிடுமோ என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். நிற்கவில்லை. மென்றார். மென்றுகொண்டே இருந்தார், கிழட்டுப் பன்றியாயிற்றே. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. அதைத் துடைக்கக்கூட அந்தக் கையை முகத்துக்குக் கொண்டுபோகவில்லை. தட்டைக் காலி செய்தார். ஆறு வருடத்தில் அவர் காலி செய்த முதல் தட்டு, அதுவும் என் சமையல் இல்லை.

அக்கா கரண்டியோடு பக்கத்தில் வந்து நின்றார்.

"அன்னிக்கு ஊத்திப் பொதைச்சியே, அது இதைவிட எளசுடா."

"தெரியும்க்கா" என்றார் இவர், தட்டை நீட்டிக்கொண்டே. "நாந்தானே பல்லைப் பாத்தேன்."